ஜேபாஸ் விலைபோன கதை

2006 ஏப்ரல் 10 அன்று, ஜேபாஸ் நிறுவனத்தை வாங்கப்போவதாக லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் அறிவித்தது. முதலில் 35 கோடி டாலர், சொன்ன இலக்குகளை எட்டினால் மேலும் 7 கோடி. அதே நாளில் யார் வேண்டுமானாலும் ஜேபாஸ் அப்ளிகேஷன் சர்வரை ஒரு பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மூல நிரலும் கூடவே வரும். திருத்தலாம், ஆயிரம் கணினிகளில் ஓட்டலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். அப்படியென்றால் அத்தனை பணத்துக்கு ரெட் ஹேட் வாங்கியது எதை?

வெப்லாஜிக், வெப்ஸ்ஃபியர் போன்ற விலைகொடுத்து வாங்கும் சர்வரை எடுத்துவிட்டு ஓப்பன் சோர்ஸ் சர்வர் ஒன்றைக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் சொல்வது ‘இது இலவசம் சார்’ என்பதைத்தான். எதிரில் உட்கார்ந்திருக்கும் மேலாளர் தலையாட்டுவார், கோப்பு நகராது. ஜேபாஸ் ஆட்கள் இதை மிகச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அவர்கள் ஜெயித்தது விலையை வைத்து என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் விலை கதவைத் திறக்க உதவியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே உட்கார வைத்தது, ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தால் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஏற்பாடு.

அப்ளிகேஷன் சர்வர் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு கணக்கிலிருந்து பணம் கழிய வேண்டும், இன்னொரு கணக்கில் ஏற வேண்டும், கிளைக்கு ஒரு தகவல் போக வேண்டும். மூன்றும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடந்திருக்கக் கூடாது. தரவுத்தள இணைப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்காமல் ஒரு தொகுப்பாக வைத்துச் சுற்றுக்கு விட வேண்டும். ஒரு இயந்திரம் செத்தால் அதில் உள்நுழைந்திருந்தவரை இன்னொரு இயந்திரம் தாங்கிக்கொள்ள வேண்டும். 1990களின் பின்பகுதி வரை பெரிய நிறுவனங்கள் இந்த வேலைகளைத் தாங்களே எழுதிக்கொண்டன, அல்லது டக்ஸீடோ போன்ற பழைய பரிவர்த்தனை மென்பொருள்களைச் சார்ந்திருந்தன. 1999 டிசம்பரில், ஜாவா மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இவற்றையெல்லாம் ஜே2இஇ என்ற ஒரே தரத்துக்குள் கொண்டுவந்தது. தரம் சன்னுடையது, அதைப் பொருளாக்கி மற்ற நிறுவனங்களும் விற்கலாம்.

விற்றவர்களில் முன்னால் நின்றது பிஇஏ சிஸ்டம்ஸ். 1995இல் மூன்று பேர் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்துத் தொடங்கிய நிறுவனம் அது. 1998இல் வெப்லாஜிக்கை விலைக்கு வாங்கினார்கள். அதே 1998இல் ஐபிஎம்மின் வெப்ஸ்ஃபியர் வந்தது. டாட்காம் காலத்தில் இணையத்தில் கடை திறக்க நினைத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இந்த இரண்டில் ஒன்று தேவைப்பட்டது. பிஇஏவின் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தொட்டது. விலை செயலிக் கணக்கில், செயலி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர். நேர்மையாகச் சொன்னால், வெப்லாஜிக் அந்த விலைக்கு நல்ல பொருள்தான். இன்றும் அதைத் திட்டுபவர்களில் பலர் அதன் லைசென்ஸ் பிரிவைத்தான் திட்டுகிறார்கள்.

ஜேபாஸைத் தொடங்கிய மார்க் ஃப்ளூரி பிரெஞ்சுக்காரர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், சன்னில் வேலை பார்த்தவர். 1999இல் திட்டத்துக்கு அவர் வைத்த பெயர் இஜேபாஸ். இஜேபி (ஜே2இஇயில் வணிக வேலைகளை எழுதும் நிரல் துண்டு) தங்கள் வணிகக்குறி என்று சன் ஆட்சேபித்தது. முதலெழுத்தை வெட்டிவிட்டு ஜேபாஸ் ஆக்கினார்கள். பிறகு அட்லாண்டாவில் கம்பெனி வந்தது.

தொடக்கத்தில் அதை விரும்பியவர்கள் நிரலாளர்கள். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு, கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் காரணம். அன்றைய வணிக சர்வர்களில் ஓர் இஜேபியை எழுதி முடித்தபின், அதற்கான இடைத்தரகு வகுப்புகளை (அழைப்புகளை நடுவில் நின்று வாங்கிக் கடத்தும் நிரல்களை) தனிக் கருவி ஒன்றால் உருவாக்கி, தொகுத்து, பொதிந்து ஏற்ற வேண்டும். ஒரு வரி மாற்றினாலும் இந்தச் சடங்கு முழுவதும் மறுபடி. ரிக்கார்ட் ஓபெர்க் என்ற ஸ்வீடன் நிரலாளர் ஜேபாஸ் 2இல் வேறு வழி எடுத்தார். 2000இல் வந்த ஜாவா 1.3, ஓடும்போதே இடைத்தரகுப் பொருள்களை உருவாக்கும் வசதியைத் தந்திருந்தது. அதைப் பயன்படுத்தியதால் தொகுக்கும் படியே காணாமல் போனது. கோப்பை ‘டிப்ளாய்’ அடைவுக்குள் போட்டால் சர்வர் தானே எடுத்துக்கொள்ளும், மாற்றிப் போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளும். சர்வரின் உள்ளமைப்பும் ஒரு சிறு கருவும் அதில் செருகும் துண்டுகளுமாக இருந்தது. செய்தி வரிசை வேண்டாமா? அந்தக் கோப்பை அழித்துவிடலாம்.

நிரலாளரின் மேசைக் கணினியில் வெப்லாஜிக் எழுந்து நிற்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். ஜேபாஸை இறக்கி, விரித்து, ஓடவைக்க யாரிடமும் லைசென்ஸ் சாவி கேட்க வேண்டியதில்லை. சென்னை, பெங்களூர் சர்வீஸ் கம்பெனிகளில் அந்த வருடங்களில் இது சர்வசாதாரணம்: எழுதுவதும் சோதிப்பதும் ஜேபாஸிலோ டாம்கேட் என்ற சிறிய இலவச ஜாவா சர்வரிலோ, வாடிக்கையாளரிடம் ஓடுவது வெப்லாஜிக்கிலோ வெப்ஸ்ஃபியரிலோ. தரம் ஒன்றுதான் என்று காகிதத்தில் இருந்தாலும் ஒவ்வொரு சர்வருக்கும் தனி எக்ஸ்எம்எல் கோப்பு, தனிப் பெயரிடும் வழக்கம், வகுப்புகளை ஏற்றுவதில் தனிக் குணம். ஜேபாஸ் 3 எல்லா பயன்பாடுகளின் வகுப்புகளையும் ஒரே குளத்தில் கொட்டிக் கலக்கும். இரண்டு பயன்பாடுகள் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகளைக் கொண்டுவந்தால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போவது சந்தேகம். ஓப்பன் சோர்ஸ் என்பதால் இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. சந்தைப்படுத்துகிறவர்கள் மறைக்கத்தான் பார்த்தார்கள், அது வேறு.

இப்படிக் கீழேயிருந்து நுழைந்த சர்வர் மேலே ஏறும்போதுதான் முட்டியது. முதல் முட்டல் சான்றிதழ். ஜே2இஇ இணக்கம் என்று சொல்லிக்கொள்ள, சன்னின் இணக்கச் சோதனைத் தொகுப்பை உரிமம் பெற்று ஓட்டித் தேற வேண்டும். அதற்குப் பணம் கட்ட வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு இதைச் சலுகையாகத் தர 2002இல் சன் இறங்கி வந்தது. அப்பாச்சி போன்றவர்களுக்கு அது உதவியது. ஜேபாஸ் லாபத்துக்கு நடக்கும் கம்பெனி, ஆனால் பொருளை இலவசமாகத் தருகிறது. எந்தப் பெட்டியிலும் அடங்காத பிராணி. பெரிய நிறுவனங்களின் கொள்முதல் படிவத்தில் ‘ஜே2இஇ சான்று உண்டா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடிக்க முடியாத ஒரே காரணத்தால் ஜேபாஸ் வெளியே நின்ற இடங்கள் உண்டு. சர்வர் நன்றாக ஓடுகிறதா என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கும் மேல் சன்னும் ஜேபாஸும் பொதுவில் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டன. 2003 நவம்பரில் ஜேபாஸ் பணம் கட்டி உரிமம் வாங்கியது. 2004இல் ஜேபாஸ் 4 தேறியது. நிரலாளர்கள் பலருக்கு இது வெறும் முத்திரை. ஆனால் அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளர் வகையே வேறு. இன்றைக்கும் ஓப்பன் சோர்ஸ் ஆதரவாளர்கள் சான்றிதழ்களைக் கேலி செய்வதைப் பார்க்கிறேன். கேலி செய்யலாம். கொள்முதல் அதிகாரி கேலியைக் கோப்பில் இணைக்க முடியாது.

இரண்டாவது முட்டல், முன்பு சொன்ன ராத்திரி 2 மணி. ஃப்ளூரி இதற்குத் தந்த பதில் ‘தொழில்முறை ஓப்பன் சோர்ஸ்’ என்ற முழக்கம். முழக்கத்துக்குப் பின்னால் திட்டவட்டமான ஓர் ஏற்பாடு இருந்தது. நிரலின் மையப் பகுதிகளை எழுதுகிறவர்களையே சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வது, ஆதரவு ஒப்பந்தம் வாங்கியவர் கூப்பிட்டால் அவர்களிடமே இணைப்பது. ஸ்காட் ஸ்டார்க், பில் பர்க் போன்றவர்கள் அப்படித்தான் கம்பெனியின் முதுகெலும்பானார்கள். நிரலை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஆவணங்களுக்குச் சில டாலர் வாங்கினார்கள், பயிற்சி வகுப்புகளுக்குக் கட்டணம் வாங்கினார்கள். ஆவணத்துக்குக் காசா என்று திட்டியவர்கள் இருந்தார்கள். அந்தக் காசுதான் ஆரம்ப நாட்களில் கம்பெனியை ஓட்டியது.

வணிக நிறுவனத்தின் ஆதரவு எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். முதல் அடுக்கில் ஒருவர் பதிப்பு எண் கேட்பார், இரண்டாம் அடுக்கில் ஒருவர் பதிவுக் கோப்பைக் கேட்பார், மூன்றாம் அடுக்குக்குப் போவதற்குள் பிரச்சினையை நாமே சுற்றி வந்திருப்போம். பிழை செய்த கையே தொலைபேசியை எடுக்கும் என்பது ஜேபாஸ் விற்ற சரக்கு.

இதே வழியில் பக்கத்துத் திட்டங்களையும் இழுத்துக்கொண்டார்கள். ஜாவா தரவுகளைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் ஹைபர்நேட் நூலகத்தை உருவாக்கிய கேவின் கிங் 2003இல் சேர்ந்தார். டாம்கேட்டின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரும் வந்தார். இது வெறும் ஆள்சேர்ப்பாகத் தோன்றலாம். அடுத்து நடந்ததைப் பாருங்கள்: 2006இல் வந்த ஜாவா இஇ 5இன் (ஜே2இஇக்கு வைத்த புதிய பெயர்) தரவுச் சேமிப்புத் தரம் ஹைபர்நேட்டின் சாயலில்தான் எழுதப்பட்டது. ஐந்து வருடம் முன்பு தரத்துக்கு வெளியே நின்றவர்கள், தரத்தை எழுதும் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். 2004 பிப்ரவரியில் ஆக்செல், மேட்ரிக்ஸ் முதலீட்டாளர்கள் 1 கோடி டாலர் போட்டார்கள். அதே ஆண்டு ஜேபாஸுக்கு ஆதரவு தர ஹெச்பி முன்வந்தது. ஹெச்பியின் பெயரைக் கேட்டதும் பல ஐடி தலைவர்களுக்குத் தைரியம் வந்தது. அவர்கள் பயந்துகொண்டிருந்தது மென்பொருளைக் கண்டல்ல, நாளை ஏதாவது ஆனால் தன் மேல் விழும் பழியைக் கண்டு.

இந்தப் பிரசாரத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ளூரி வாய்த்துடுக்கானவர். போட்டியாளரை மட்டுமல்ல, கூட இருந்தவர்களையும் விடமாட்டார். 2003இல் முக்கிய நிரலாளர்கள் சிலர் பிரிந்து போனார்கள். அவர்களில் பலர் சேர்ந்த இடம், அந்த ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அப்பாச்சி ஜெரோனிமோ என்ற போட்டி ஓப்பன் சோர்ஸ் சர்வர். கொஞ்ச நாளில் ஜேபாஸின் வழக்கறிஞர்களிடமிருந்து அப்பாச்சிக்குக் கடிதம் போனது: எங்கள் நிரலைப் போலவே உங்கள் நிரல் இருக்கிறது என்று. அப்பாச்சி மறுத்தது. 2004இல் இன்னொரு விவகாரம். ஜேபாஸ் ஊழியர்கள் பொய்ப் பெயர்களில் வந்து தங்கள் சர்வரைப் புகழ்ந்தும் போட்டியாளர்களை இகழ்ந்தும் எழுதுவதாகக் குற்றச்சாட்டு கிளம்பி, ஃப்ளூரி பொதுவில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நிரலைத் திறந்து வைத்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள் என்பது அன்று நிரலாளர்களிடையே நன்றாகவே எடுபட்ட கேலி. எந்தத் தொழில்நுட்ப ஒப்பீட்டையும் விட இது ஜேபாஸின் பெயருக்கு அதிகச் சேதம் செய்தது என்று நினைக்கிறேன்.

வணிகத் தரப்பு சும்மா இருக்கவில்லை. ஜெரோனிமோவைச் சுற்றி வளர்ந்த குளூகோட் என்ற சிறு கம்பெனியை 2005 மே மாதம் ஐபிஎம் வாங்கியது. வெப்ஸ்ஃபியர் கம்யூனிட்டி எடிஷன் என்று இலவசமாக வெளியிட்டது. ஜேபாஸ் நுழைந்த அதே கீழ்வாசலில் தானும் ஒரு கடை போட்டு, வளர்ந்தபின் பெரிய வெப்ஸ்ஃபியருக்கு ஏறி வாருங்கள் என்ற கணக்கு. சன்னும் தன் சர்வரைத் திறந்து கிளாஸ்ஃபிஷ் என்று 2005 ஜூனில் அறிவித்தது. ஆக 2006இல் ஓப்பன் சோர்ஸ் சர்வர் வேண்டுமென்றால் மூன்று நான்கு கிடைத்தன, எல்லாமே இலவசம். அவற்றில் 35 கோடி டாலருக்குப் போனது, ஆதரவு ஒப்பந்தங்களும் அதைத் தாங்கும் ஆட்களும் வைத்திருந்த ஒன்று. ரெட் ஹேட் வாங்கியது அதைத்தான். ஃப்ளூரி 2007 பிப்ரவரியில் வெளியேறினார். கம்பெனியும் சர்வரும் அவர் இல்லாமலே நடந்தன. பிஇஏவை 2008இல் ஆரக்கிள் 850 கோடி டாலருக்கு வாங்கியது.

கிளாஸ்ஃபிஷின் கதை இதற்கு நேர்மாறு. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாத சர்வர். ஒவ்வொரு ஜாவா இஇ பதிப்புக்கும் முன்மாதிரிச் செயலாக்கமே அதுதான். 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபோது வெப்லாஜிக்கும் கிளாஸ்ஃபிஷும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. ஒரே கடையில் விலையுள்ள சரக்கும் இலவசச் சரக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் விற்பனையாளர் எதைக் காட்டுவார்? 2013 நவம்பரில் கிளாஸ்ஃபிஷுக்கான வணிக ஆதரவை இனி வரும் பதிப்புகளுக்குத் தருவதில்லை என்று ஆரக்கிள் அறிவித்தது. நிரல் திறந்தேதான் இருந்தது, உரிமமும் மாறவில்லை. ஆனால் அதை நம்பி உற்பத்தியில் ஓட்டியவர்கள் அன்றே கணக்குப் போடத் தொடங்கினார்கள். உரிமம் திறந்திருந்ததால் வந்த நன்மை ஒன்று: இங்கிலாந்தில் ஒரு குழு அதே நிரலை எடுத்து, பயாரா என்று பெயரிட்டு, ஆதரவும் தரத் தொடங்கியது. வணிக சர்வர் ஒன்று கைவிடப்பட்டால் இப்படி நடக்க வழியே இல்லை. ஓப்பன் சோர்ஸுக்கு ஆதரவாகப் பேசும்போது நான் விலையை விட இதைத்தான் முன்னால் வைப்பேன்.

இதற்குள் தரையே நகர்ந்துவிட்டது. இஜேபியின் பாரம் தாங்காமல் நிரலாளர்கள் ஸ்பிரிங் என்ற இலகுவான ஜாவா சட்டகத்தை எடுத்து டாம்கேட்டின் மேல் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். 2009இல் ஸ்பிரிங்சோர்ஸ் நிறுவனத்தை விஎம்வேர் வாங்கியது, மொத்தம் 42 கோடி டாலருக்கு. ஜேபாஸின் உச்சவிலையும் அதே 42 கோடிதான், தற்செயல். 2014இல் வந்த ஸ்பிரிங் பூட், டாம்கேட்டைப் பயன்பாட்டுக்குள்ளேயே பொதிந்துவிட்டது. சர்வரில் பயன்பாட்டை ஏற்றுவது போய், பயன்பாடே சர்வரைச் சுமந்து வந்தது. பயன்பாட்டைத் தேவையானவற்றோடு பொட்டலமாக்கும் கன்டெய்னர்கள் வந்தபின் கிளஸ்டர், மறுதொடக்கம், பாரப்பகிர்வு எல்லாம் அவற்றை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் வேலையாகின. புதிதாகத் தொடங்கும் திட்டத்தில் எந்த ஆப் சர்வர் என்ற கேள்வியே இப்போது அபூர்வம். கேள்வி உயிரோடிருப்பது பழைய இடங்களில்: வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, அரசு.

அங்கே இன்று விலைக் கணக்கு எப்படி இருக்கிறது? ஆரக்கிளின் பட்டியல் விலைப்படி வெப்லாஜிக் ஸ்டாண்டர்ட் எடிஷன் செயலி ஒன்றுக்கு 10,000 டாலர், என்டர்பிரைஸ் 25,000, சூட் 45,000. செயலி என்பதற்கு அவர்களிடம் தனிக் கணக்கு, என்டர்பிரைஸுக்கும் சூட்டுக்கும் வழக்கமான இன்டெல் சில்லுகளில் இரண்டு கோர்கள் சேர்ந்து ஒன்று. 16 கோர் இயந்திரங்கள் இரண்டு வைத்திருந்தால் 16 செயலிகள், என்டர்பிரைஸ் எடிஷனுக்கு 4 லட்சம் டாலர். அதன்மேல் ஆண்டுதோறும் ஆதரவுக்கு 22 சதவீதம், அதாவது 88,000. பட்டியல் விலையில் யாரும் வாங்குவதில்லை, தள்ளுபடி பேரம் ஒரு தனிக் கலை. ஆனாலும் அந்த 22 சதவீதம்தான் உண்மையான செலவு, ஐந்து வருடத்தில் அது முதலில் கொடுத்த விலையைத் தாண்டிவிடும்.

எதிர்ப் பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். பிழை அங்கேதான். ஜேபாஸின் சமூகப் பதிப்புக்கு இப்போது பெயர் வைல்ட்ஃபிளை, 2014 முதல். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும், பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய பதிப்பில்தான் கிடைக்கும். பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் திருத்தம் இல்லை. பல வருட ஆதரவு வேண்டுமென்றால் ரெட் ஹேட்டின் ஜேபாஸ் இஏபிக்கு கோர் கணக்கில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். ஆகவே வெப்லாஜிக்கோடு ஒப்பிட வேண்டியது இஏபி சந்தாவை, இல்லையென்றால் வைல்ட்ஃபிளையும் அதைத் தொடர்ந்து மேம்படுத்தத் தெரிந்த இரண்டு ஆட்களின் சம்பளத்தையும். அப்படி ஒப்பிட்டாலும் பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ்தான் மலிவு. ஆனால் பூஜ்யத்தோடு ஒப்பிட்டவர், முதல் சந்தா ரசீது வரும் நாளில் மேலாளர் முன் பொய்யராகிறார்.

இந்தியாவில் 2015இல் மத்திய அரசு ஓப்பன் சோர்ஸ் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசு அமைப்புகள் டெண்டர் கேட்கும்போது, மூடிய மென்பொருளோடு ஓப்பன் சோர்ஸையும் பரிசீலிக்கக் கோர வேண்டும், ஒதுக்கினால் டெண்டர் போடுபவர் காரணம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கொள்கை. ஆனால் டெண்டரில் ஆதரவு நிபந்தனைகள் எழுதும் பகுதி ஒன்று உண்டு: இத்தனை மணி நேரத்தில் பதில், மூல உற்பத்தியாளரின் கடிதம் என்றெல்லாம். சமூகப் பதிப்புக்கு மூல உற்பத்தியாளர் என்று யாரைக் காட்டுவது? ஆதரவுக்கு ஒரு நிறுவனம் பின்னால் நிற்கும் திட்டங்கள்தான் இந்த வரியைத் தாண்டுகின்றன.

மாற்றத்துக்கு வாதாட இப்போது கையில் இருக்கும் வலுவான காரணம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2017இல் ஜாவா இஇயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஆரக்கிள் ஒப்படைத்தது. ஜாவா என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை. அதனால் தரம் ஜக்கார்த்தா இஇ ஆனது. 2020இல் வந்த 9ஆம் பதிப்பில் தொகுப்புகளின் முன்னொட்டு ‘ஜாவாஎக்ஸ்’ என்பதிலிருந்து ‘ஜக்கார்த்தா’ என்று மாறியது. பழைய நிரல் புதிய சர்வரில் அப்படியே ஓடாது. வெப்லாஜிக்கில் இருந்தாலும் சரி, வைல்ட்ஃபிளையில் இருந்தாலும் சரி, அடுத்த படிக்கு ஏற எல்லோரும் நிரலைத் தொட்டே ஆக வேண்டும், மறுசோதனை செய்தே ஆக வேண்டும். சர்வரை மாற்றாமலிருப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மறுசோதனைச் செலவு. அந்தச் செலவு எப்படியும் வரப்போகிறது என்றால், அதே சோதனைச் சுற்றிலேயே சர்வரையும் மாற்றிவிடலாம். ஆதரவு ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும், மூன்று மாதம் முன்பு தொடங்கினால் புதுப்பித்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

யாரிடம் சந்தா கட்டுகிறோம் என்பதையும் ஒரு கண் பார்த்துவிட்டுக் கட்டலாம். ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு 2019 ஜூலையில் ஐபிஎம் வாங்கி முடித்தது. ஜேபாஸ் இப்போது வெப்ஸ்ஃபியரின் வீட்டில் இருக்கிறது. ஐபிஎம்மும் 2017இலேயே ஓப்பன் லிபர்ட்டி என்று தன் புதிய சர்வரின் நிரலைத் திறந்துவிட்டது. கிளாஸ்ஃபிஷுக்கு நடந்தது இங்கேயும் நடக்கும் என்று சொல்லவில்லை. நடந்தால் எந்தக் குழு நிரலை எடுத்து நடத்தும், அதில் நம் ஊழியர் யாருக்காவது பழக்கம் உண்டா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். வைல்ட்ஃபிளைக்குத் திருத்தங்கள் அனுப்பிய ஒரே ஒருவர் குழுவில் இருந்தாலும் சந்தா பேரத்தில் அது தெரியும்.